இரண்டாம் டிராக்

பதிவு நடக்கும் நாட்களில் அந்த வீட்டில் முதலில் ஃபிரிட்ஜை நிறுத்துவார்கள். அடுத்து கூடத்து மின்விசிறி. சுவர்க்கடிகாரத்தைக் கழற்றிப் போர்வையில் சுற்றி பீரோவுக்குள் வைப்பார்கள். கடைசியாக நிறுத்த வேண்டியது மாமியாரை. அவளுக்குக் காது மந்தம். அதனால் அவள் ரகசியம் பேசினாலே எதிர்வீட்டுத் தையல்காரர் மிதிப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்ப்பார். பின்கட்டில் நாற்காலி போட்டு, மடியில் உரிக்க வெங்காயமோ பொறுக்கப் பயறோ கொடுத்து அவளை உட்கார வைத்த பிறகுதான் வேலை ஆரம்பிக்கும்.

வேலை என்றால் வாசிப்பது. பார்வையில்லாத பிள்ளைகளுக்காகப் பாடப் புத்தகங்களை ஒலியாக்கிக் கொடுக்கும் நிறுவனம் ஒன்று இருந்தது. அங்கிருந்து புத்தகம் வரும். மருமகள் வாசிப்பாள். மகன் பதிவு செய்வார். ஒரு காலத்தில் கூட்டங்களுக்கு மைக்கும் பெட்டியும் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்ததால் தெருவில் அவரை மைக்காரர் என்றே சொல்வார்கள். அவளைப் பாடத்தக்கா என்பார்கள். காய்கறிக்காரர்கூட, "பாடத்தக்கா, இன்னிக்கு என்ன பாடம்?" என்று கேட்டுவிட்டுத்தான் தக்காளியை நிறுப்பார். அவள் சிரிப்பதோடு சரி. வாசித்துவிட்டு வெளியே வந்தால் அவளுக்கு யாரிடமும் பேசப் பிடிக்காது.

கூடத்தை ஒட்டிய சாமான் அறையைத்தான் பதிவறை ஆக்கியிருந்தார்கள். நாலு சுவரிலும் பழைய மெத்தைகளை நிறுத்தி, மேலே கம்பளியை ஆணியடித்து, அதற்கும் மேலே பஞ்சுத் தகடு ஒட்டியிருந்தது. ஒரு மைக், ஒரு முக்காலி, ஒரு சின்ன விளக்கு, தண்ணீர் பாட்டில், துண்டு. அவ்வளவுதான் உள்ளே கொள்ளும். காற்றுக்கு வழியில்லை. வெயில் காலத்தில் இரண்டு பக்கம் வாசிப்பதற்குள் ரவிக்கை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். ஒரு அத்தியாயம் முடித்து வெளியே வந்தால் குளித்துவிட்டுத் துவட்டாமல் வந்தவள் மாதிரி இருப்பாள். மழை வந்தால் மட்டும் விடுமுறை. கூரைத் தகரத்தில் விழும் சத்தத்தை எந்த மெத்தையாலும் தடுக்க முடியாது. வானம் இருட்டினால் தெருவில் எல்லாரும் கொடியில் கிடக்கும் துணியை எடுக்க ஓடுவார்கள். அவள் மட்டும் வாசலில் நின்று அண்ணாந்து பார்ப்பாள்.

கதவுதான் அந்த அறையின் பெரிய செலவு. தடிமனான பலகையில் மைக்காரரே பஞ்சு அடைத்துச் செய்தது. ஒரு மழைக்காலத்தில் பலகை ஈரம் குடித்து முறுக்கிக்கொண்டது. அதன்பிறகு வெளியிலிருந்து அழுத்தித் தாழ்ப்பாள் போட்டால்தான் சரியாகப் பொருந்தும். தாழ்ப்பாள் வெளியே. உள்ளே ஒரு கைப்பிடி வைக்கச் சொல்லி அவள் பல தடவை கேட்டுவிட்டாள். கைப்பிடிக்குத் துளை போட்டால் துளை வழியாகச் சத்தம் வரும் என்றார் அவர். "நான்தான் வெளியவே உக்காந்திருக்கேனே. எங்க போயிடப் போறேன்?" என்பார். அது உண்மைதான். எங்கேயும் போகமாட்டார். மூத்திரம் முட்டினாலும் பத்தி முடியாமல் எழுந்திருக்க மாட்டார், அவளையும் விடமாட்டார்.

கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. கை நீட்டியதில்லை, குடித்ததில்லை. ஆனால் வேலையில் இரக்கம் கிடையாது. சோர்ந்துபோனால் அவளுக்கு ழகரம் ளகரமாகச் சரியும். உடனே அவளுடைய காதில் மாட்டிய ஹெட்போன் கருவியில் அவர் குரல் வரும். திட்டமாட்டார், விளக்கம் சொல்லமாட்டார். "ழ" என்பார். அந்த ஒரு எழுத்துதான். அவள் பத்தியை முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். சில நாள் அந்த ஒரு எழுத்தைத் தவிர கணவன் வாயிலிருந்து வேறு பேச்சே வராது.

அவர் முன்னால் மேசையில் இருந்த பதிவு மிஷின் ஒரு தடித்த புத்தக அளவு இருக்கும். பல குரல்களை ஒரே நேரத்தில் தனித்தனி டிராக்குகளாகப் பிடிக்கக்கூடியது. அவர் இரண்டைத்தான் பயன்படுத்தினார். முதல் டிராக்கில் அவளுடைய வாசிப்பு, அது அவர் காதில் மாட்டிய கருவியிலும் கேட்கும். இரண்டாவதில் அவர் அவளோடு பேசுவதற்காக மேசையில் வைத்திருந்த சின்ன மைக். பொத்தானை அழுத்தினால்தான் அவர் பேசுவது அவளுக்குக் கேட்கும். மிஷினுக்கு எப்போதும் கேட்டுக்கொண்டிருக்கும். அப்படி வைத்தால் எந்த இடத்தில் நிறுத்தினோம், எதை வெட்ட வேண்டும் என்று பிறகு தேட வேண்டியதில்லை என்பது அவர் கணக்கு.

பதிவுப் பொத்தானை அழுத்தினால் மிஷின் தானாக முந்தின பெயரோடு ஒரு எண்ணைச் சேர்த்துப் பெயர் வைத்துக்கொள்ளும். எண்ணுக்குப் பின்னால் ஒரு கோடு போட்டு ஒன்று என்றால் அவள், இரண்டு என்றால் அவர். சாயங்காலம் அவர் ஒவ்வொரு ஃபைலுக்கும் பெயர் மாற்றுவார். அதற்கு ஒரு குமிழ் உண்டு. திருகத் திருக ஆங்கில எழுத்துகள் ஒவ்வொன்றாக வரும். வேண்டிய எழுத்தில் நிறுத்தி அமுக்கினால் ஏறிக்கொள்ளும். தமிழ் தெரியாத மிஷின் என்பதால் தமிழ்ச் சொல்லையே ஆங்கில எழுத்தில் எழுதுவார். வகுப்பு, பாடம், பக்கம் என்று அவருக்கென்று ஒரு முறை இருந்தது. எல்லாம் வேவ் ஃபைல்தான். எம்பி3 ஆக்கினால் அளவு சுருங்கும், ஆனால் குரலின் ஓரம் மழுங்கிவிடும், சுருக்குவதை நிறுவனம் செய்துகொள்ளட்டும், நம் வீட்டிலிருந்து முழுசாகப் போகட்டும் என்பார். அந்த மிஷினை அவள் ஒருநாளும் தொட்டதில்லை. தூசி துடைக்கப் போனால்கூட, "விடு, நான் பாத்துக்கறேன்" என்பார்.

அன்றைக்கு நிலத்தடி நீர் பாடம். காலையிலிருந்தே புழுக்கம். சமையலை முடித்துவிட்டு, சோற்றை மூடி வைத்துவிட்டு, சாப்பிடாமலே உள்ளே போயிருந்தாள். வயிறு நிறைந்திருந்தால் மூச்சு வாங்கும், மூச்சு மைக்கில் விழும். பாடத்தில் பாதிக்கு மேல் நன்றாக வந்தது. அவர் ஒரு தடவைகூட நிறுத்தவில்லை. ஒரு பக்கம் திருப்பும்போது கூடத்துப் பக்கச் சுவரில் பதித்திருந்த இரட்டைக் கண்ணாடி ஜன்னல் வழியாக நிமிர்ந்து பார்த்தாள். நாற்காலி காலியாக இருந்தது.

எழுந்து போயிருப்பார் என்று நினைத்துக் கொஞ்சம் காத்தாள். பிறகு முக்காலியில் முட்டி போட்டு ஏறிக் கண்ணாடியில் நெற்றியை வைத்துப் பார்த்தாள். ஜன்னல் உயரத்துக்கு மேசையும் நாற்காலியின் முதுகும்தான் தெரிந்தன. மேசையில் இருந்த சின்ன மைக்கைக் காணவில்லை. அவருடைய காதுக் கருவியின் ஒயர் மிஷினிலிருந்து கிளம்பி மேசை விளிம்பைத் தாண்டிக் கீழே இறங்கியிருந்தது. அப்போதுதான் அவர் விழுந்திருக்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது.

கூப்பிட்டாள். கதவைத் தோளால் இடித்தாள். எந்த அறையிலிருந்து சத்தம் வெளியே போகக்கூடாது என்று அத்தனை வருடம் பார்த்துப் பார்த்து அடைத்தார்களோ, அந்த அறையிலிருந்து சத்தம் வெளியே போகவில்லை. தண்ணீர் பாட்டிலால் கண்ணாடியில் அடித்தாள். பிளாஸ்டிக் பாட்டில் நசுங்கியது. மைக் ஸ்டாண்டை எடுக்கலாம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. பிறகு அதை நினைத்து நினைத்து மாய்ந்துபோனாள். உள்ளே இருக்கும் சாமானை அவர் கேட்காமல் தொடக்கூடாது என்று கை பழகியிருந்தது.

எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியாது. உள்ளே கடிகாரம் இல்லை. பால் திரிந்துவிடும், ஃபிரிட்ஜைப் போடலாமா என்று கேட்கக் கடைசியில் மாமியார் பின்கட்டிலிருந்து வந்தாள். வந்தவள் வாய் திறந்து அலறுவது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. அலறிக்கொண்டே தெருவுக்கு ஓடினாள். தையல்காரரும் இன்னும் இரண்டு பேரும் உள்ளே வந்தார்கள். தரையெல்லாம் ஒயராகக் கிடந்ததைப் பார்த்ததும் தையல்காரர் எல்லாரையும் கையை விரித்துத் தடுத்தார். மின்சாரம் தாக்கிவிட்டது என்று நினைத்துவிட்டார்கள். யாரோ ஓடிப்போய் மெயினை அணைத்தார்கள். பதிவறை விளக்கும் அதோடு அணைந்தது.

இருட்டுக்குள் நின்று கண்ணாடியைத் தட்டிக்கொண்டே இருந்தாள். கதவுக்குப் பக்கத்தில் தலைகள் குனிவதும் நிமிர்வதும் தெரிந்தது. ஒருத்தரும் ஜன்னலைப் பார்க்கவில்லை. அவரைத் தூக்கினார்கள். கொண்டுபோனார்கள். கூடம் காலியானது. ஆம்புலன்ஸ் வரை போன தையல்காரரின் மனைவிக்குத்தான், "பாடத்தக்கா எங்க?" என்று கேட்கத் தோன்றியிருக்கிறது. அவள் திரும்பி ஓடிவந்து தாழ்ப்பாளை இழுத்தபோது உள்ளேயிருந்து வெந்நீர் ஆவி மாதிரி வெக்கை வந்ததாகப் பிறகு எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். வாசலுக்கு வந்தால் ஆம்புலன்ஸ் தெருமுனை திரும்பிக்கொண்டிருந்தது.

மின்சாரம் தாக்கவில்லை, மூளையில் ரத்தக்கட்டு என்றார் டாக்டர். வலது பக்கம் விழுந்துவிட்டது. "நினைவு தெளிவா இருக்கும்மா. நாக்குதான் கட்டுப்படல. பேச்சு வரலாம், வராமயும் இருக்கலாம்" என்றார். விழுந்த நேரத்தில் நினைவு இருந்திருக்குமா என்று அவள் கேட்டாள். "பெரும்பாலும் இருந்திருக்கும். அசைய முடியாம, சொல்ல முடியாம கிடந்திருப்பாரு" என்று டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஏனென்றால் உள்ளே நின்று என்னென்னவோ சொன்னோம் என்பது அவளுக்கு ஞாபகம் இருந்தது. என்ன சொன்னோம் என்பதுதான் முழுசாக ஞாபகம் இல்லை. அவர் விழுந்தபோது காதுக் கருவி அவர் காதில் இருந்தது. அவள் பேசிய ஒவ்வொரு சொல்லும் நேராக அதற்குள்தான் போயிருக்கும்.

வீட்டுக்குக் கொண்டுவந்து, கூடத்தில் மேசையை ஒட்டியே கட்டில் போட்டார்கள். அதன்பிறகு அவளுடைய பொழுது அந்தக் கட்டிலைச் சுற்றியே போனது. புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். துடைக்க வேண்டும். பாலில் சோற்றைக் குழைத்து இடது கன்னப் பக்கமாக ஊட்ட வேண்டும், வலது பக்கம் ஊட்டினால் வழிந்துவிடும். மருந்து, துணி, தைலம், கைக்குப் பயிற்சி, காலுக்குப் பயிற்சி. முன்பு ஒரு அறைக்குள் அடைபட்டிருந்தாள், இப்போது வீடு முழுக்க அந்த அறை மாதிரி ஆகிவிட்டது. மழை வந்தாலும் இந்த வேலைக்கு விடுமுறை இல்லை.

அவர் கண் அவள் போகிற பக்கமெல்லாம் போனது. அவள் பார்க்கமாட்டாள். ஊட்டும்போது கரண்டியைப் பார்ப்பாள். துடைக்கும்போது துணியைப் பார்ப்பாள். மாமியார் இதைக் கவனித்துவிட்டு, அவளுக்கே உரிய ரகசியக் குரலில், "அவன் உன்னையேதான் பாக்கறான். ஒரு தரம் மூஞ்சியப் பாத்து ரெண்டு வார்த்தை பேசேன்டி. பாடமெல்லாம் அத்தனை வாசிக்கற" என்றாள். தையல் மிஷின் நின்றது. அவள் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள்.

நிறுவனத்தில் ஒரு டீச்சர் இருந்தார். அவருக்கும் பார்வை கிடையாது. வருகிற பாடங்களையெல்லாம் கேட்டுச் சரிபார்ப்பவர் அவர்தான். உடம்பு விசாரிக்கப் போன் செய்தவர், தயங்கித் தயங்கிப் பாடத்தைப் பற்றியும் கேட்டார். பரீட்சை வருகிறது, பிள்ளைகள் பாதிப் புத்தகத்தோடு நிற்கிறார்கள், வேறு ஒருவரை வைத்து முடித்துவிடலாம், ஆனால் முடிந்தவரை வாசித்ததை மட்டுமாவது அனுப்ப முடியுமா என்றார். அவள் சரி என்று சொல்லிவிட்டாள். வைத்த பிறகுதான், அந்தப் பாடத்தை எடுக்க வேண்டுமானால் அன்றைய ஃபைலைத் திறந்தாக வேண்டும் என்று உறைத்தது. நன்றாக வாசித்த பக்கங்களும் அதற்குப் பின்னால் வந்ததும் ஒரே ஃபைலில்தான் கிடந்தன.

மாமியார் மாத்திரை வாங்கக் கடைக்குப் போயிருந்த ஒரு மத்தியானம் மிஷினை உயிர்ப்பித்தாள். கட்டிலில் அவர் கண்ணை மூடியிருந்தார். திரையில் வெளிச்சம் வந்ததும் ஒரு கேள்வி வந்தது. கடைசிப் பதிவு முறையாக நிறுத்தப்படவில்லை, சரிசெய்யட்டுமா என்று ஆங்கிலத்தில் கேட்டது. நடுவில் மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டதால் அது முடிக்கப்படாமல் கிடந்திருக்கிறது. வேண்டாம் என்று அமுக்கியிருந்தால் அது அப்படியே தொலைந்திருக்கும். விரலை அந்தப் பொத்தான் வரைக்கும்கூடக் கொண்டுபோனாள். பிறகு சரிசெய் என்பதை அமுக்கினாள். மிஷின் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு இரண்டு ஃபைல்களைக் காட்டியது. ஒரே எண். கோடு போட்டு ஒன்று. கோடு போட்டு இரண்டு.

காதுக் கருவியை மாட்டிக்கொண்டு ஒன்றைத் திறந்தாள். பாடம் ஓடியது. நல்ல வாசிப்பு. பிறகு பக்கம் திருப்பும் சத்தம். இடைவெளி. "ஏங்க." திரும்பவும், "ஏங்க, என்னங்க ஆச்சு? எந்திரிங்க." பிறகு கதவில் இடி. "அத்தே, அத்தே" என்று தொண்டை கிழிகிற கூச்சல். இதெல்லாம் அவளுக்கு ஞாபகம் இருந்தது. அடுத்து வந்தது மறந்தே போயிருந்தது. மூச்சு வாங்கிக்கொண்டு, நடுங்கிக்கொண்டு, அந்தக் குரல் பாடத்தை வாசிக்க ஆரம்பித்தது.

"மளை நீர் மண்ணில் வளிந்து, பாறை இடுக்குகளின் வளியே ஆளத்தில் இறங்குகிறது."

வேண்டுமென்றே தப்பாக. தப்பாக வாசித்தால் பொறுக்கமாட்டார், எழுந்துவிடுவார் என்று நினைத்திருக்கிறாள். அதே வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தாள். ஒவ்வொரு தடவைக்குப் பின்னாலும் அவருடைய எழுத்துக்காகக் காத்திருந்த மௌனம் இருந்தது.

அதற்குப் பிறகுதான் குரல் மாறியது. ங்க போய்விட்டது. கல்யாணமான நாளிலிருந்து அவரை ஒருமையில் கூப்பிடாதவள், "நீ" என்றாள்.

"நீ சாகறதுன்னா கதவத் தொறந்து விட்டுட்டுச் சாவு. எத்தனை தரம் கேட்டேன், உள்ள ஒரு கைப்பிடி வையின்னு. ஓட்டை வழியா சத்தம் வருமா உனக்கு? இப்ப என் சத்தம் யாருக்குக் கேக்குது? நீ போயிட்டா நான் ஒரு எழுத்து வாசிக்க மாட்டேன். யார்கிட்டயும் வாயே தொறக்க மாட்டேன். மழையில நடந்து போயிட்டே இருப்பேன். போ. நீ போயிடு. நான் நல்லா இருப்பேன்."

இன்னும் இருந்தது. அவள் காதுக் கருவியைக் கழற்றிவிட்டாள். தன் குரலை நாள் முழுக்கக் கேட்டுப் பழகியவளுக்கு அந்தக் குரல் யாருடையது என்று தெரியவில்லை. அதில் ஒரு ழகரம்கூடச் சரியவில்லை என்பதையும் கவனித்தாள். கவனித்ததற்காக வெட்கப்பட்டாள்.

அதோடு மூடி வைத்திருக்கலாம். ஆனால் இரண்டு என்று முடிகிற ஃபைல் பக்கத்திலேயே இருந்தது. அவர் பக்கத்து மைக். இரண்டும் ஒரே நொடியில் தொடங்கி ஒரே நொடியில் முடிபவை. ஒன்றில் எந்த இடத்தில் என்ன சொன்னாளோ, மற்றதில் அதே இடத்தில் அவருக்கு என்ன நடந்தது என்று இருக்கும்.

திறந்தாள். நாற்காலி தேயும் சத்தம். கனமாக ஒன்று விழுந்தது. அதோடு மைக்கும் விழுந்த இடி. பிறகு மூச்சு, தரையோடு தரையாக, மிக அருகில். அவருடைய காதுக் கருவியிலிருந்து கசிந்த அவளுடைய குரலும் கொசு மாதிரி கேட்டது. "ஏங்க, ஏங்க" என்றது கொசு. மூச்சு மட்டும் வந்தது.

கொசு, "மளை நீர்" என்றது.

"ம்ழ்" என்றார் அவர்.

அவள் நிறுத்தி, பின்னால் போய், மறுபடி கேட்டாள். எச்சில் ஒழுகுகிற, நாக்கு புரளாத சத்தம். ஆனால் அது என்ன எழுத்து என்று அவளுக்குத் தெரியாமல் இருக்குமா? ஒவ்வொரு தப்புக்கும் அது வந்தது. ஒரு தப்பைக்கூட விடவில்லை. அவள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று காத்திருந்த ஒவ்வொரு மௌனத்திலும் அவர் இங்கே தரையில் கிடந்து அந்த எழுத்தைச் சொல்ல முயன்றிருக்கிறார். பொத்தான் மேசை மேல் இருந்தது.

கொசு, "நீ" என்று பேச ஆரம்பித்ததும் அந்தச் சத்தம் நின்றது. துணி தரையில் இழுபடுவது கேட்டது. நிற்கும், மூச்சு வாங்கும், மறுபடி இழுபடும். அவள் சாவு என்று சொன்ன இடத்தில் இழுபட்டது. நான் நல்லா இருப்பேன் என்ற இடத்திலும் இழுபட்டது. போகப் போக மைக்கை விட்டுத் தூரமானது. பிறகு, எங்கேயோ மரத்தில் நகம் பிறாண்டுவது போல மெல்லியதாக ஒன்று. பிறாண்டல், இடைவெளி, பிறாண்டல்.

கதவுக்குப் பக்கத்தில் தலைகள் குனிந்ததை அவள் பார்த்திருந்தாள். அவர்கள்தான் அவரை அங்கே இழுத்துப் போட்டார்கள் என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள்.

கடைசியில் மாமியாரின் அலறல் வந்தது. தையல்காரர், "கரண்டு, கரண்டு, தொடாதீங்க" என்றார். அதோடு ஃபைல் முடிந்தது.

அவளுக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. கைப்பிடி வைக்காமல் அடைத்தவரும் இவர்தான், நகத்தால் கதவைத் திறக்க ஊர்ந்து வந்தவரும் இவர்தான். ஒழுங்காக வெறுக்கவாவது விட்டிருக்கலாம். அதற்கும் வழியில்லாமல் செய்துவிட்டார் என்று நினைத்தாள். திரும்பினாள். அவர் கண் திறந்திருந்தது. மேசையில் எந்த ஃபைல் திறந்திருக்கிறது என்று படுத்த இடத்திலிருந்தே அவருக்குத் தெரிந்திருக்கும்.

முதல் தடவையாக முகத்தைப் பார்த்துக் கேட்டாள். "எல்லாம் கேட்டுச்சா?"

கண்ணை மூடித் திறந்தார்.

"கடைசி வரைக்கும்?"

மறுபடி மூடித் திறந்தார்.

"அந்த நேரத்துல ஏதோ வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன்னு சொல்ல மாட்டேங்க. மனசுல இருந்ததுதான் வந்துச்சு. நீங்க கதவுகிட்ட வந்ததும் கேட்டுட்டேன். ரெண்டையும் வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

அவர் இடது கை மேசையை நோக்கி எழுந்தது. என்ன வேண்டும் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினாள். மிஷினைத் தொட்டதும் கண்ணை மூடித் திறந்தார். எடுத்து அவர் வயிற்றின் மேல் வைத்துப் பிடித்துக்கொண்டாள். பழகாத கையால் தடவித் தடவி, ஃபைலுக்குப் பெயர் மாற்றும் இடத்துக்குப் போனார். குமிழைத் திருகினார். வேண்டிய எழுத்தைத் தாண்டிப் போய்விடும், மறுபடி திரும்பி வருவார். நெற்றி வியர்த்தது. அவள் துடைத்துவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பி என்ற எழுத்து ஏறியது. நெடுநேரம் கழித்து ஓ ஏறியது. கையைக் கீழே போட்டுவிட்டார்.

போ.

மாமியார் அதற்குள் மாத்திரைப் பொட்டலத்தோடு வந்துவிட்டாள். மகன் மிஷினைத் தொட்டான் என்றதும் அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. என்ன எழுதியிருக்கிறான் என்று கேட்டாள். போ என்று எழுதியிருக்கிறார் என்றாள் மருமகள். "பாத்ரூம் போகணுமாடா?" என்று மாமியார் மகன் காதருகே கத்தினாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

அவள் செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். எங்கே என்று மாமியார் கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை. மேகம் கூடியிருந்தது. தையல்காரரின் மனைவி ஏதோ கேட்டாள், அதற்கும் சொல்லவில்லை. மெயின் ரோட்டுக்கு வருவதற்குள் தூறல் பிடித்துக்கொண்டது. நடந்தாள். சொன்ன மாதிரியே மழையில், சொன்ன மாதிரியே வாய் திறக்காமல். பஸ் நிறுத்தத்தில் நின்றாள். ஒரு பஸ் வந்தது, போனது. அடுத்ததில் கண்டக்டர் படியிலிருந்து குனிந்து, "ஏறறீங்களாம்மா?" என்றார். பேச வேண்டியிருக்குமே என்று தலையை மட்டும் ஆட்டினாள். எந்தப் பக்கம் ஆட்டினாள் என்று அவருக்கும் புரியவில்லை, விசில் கொடுத்துவிட்டார். எத்தனையோ ஊர்களைப் பற்றிய பாடம் வாசித்திருக்கிறாள். ஒரு ஊரின் பெயரும் அப்போது மனதில் வரவில்லை. மழை விடவில்லை. புடவை கனத்தது. அவரைப் புரட்டிப் படுக்க வைக்கும் நேரம் ஆகிவிட்டது என்பதுதான் ஞாபகம் வந்தது. மாமியாரால் ஒற்றை ஆளாக முடியாது.

திரும்பி வந்ததைச் சந்தோஷம் என்று சொல்ல முடியாது. வருத்தம் என்றும் சொல்ல முடியாது. தலையைத் துவட்டிக்கொண்டு, அவரைப் புரட்டி, முதுகைத் துடைத்து, சோறு ஊட்டினாள். பிறகு மிஷினை எடுத்துக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். அவர் எழுதி வைத்தது அப்படியே திரையில் இருந்தது. குமிழ் அவள் நினைத்ததைவிட லேசாகத் திரும்பியது. பி, ஓ இரண்டுக்கும் பின்னால் ஜி என்று ஏற்றினாள். ஏ, எல், ஏ. அவர் பார்க்கும்படி திருப்பிக் காட்டினாள்.

போகல.

அவர் படித்தார். இடது பக்க உதடு மட்டும் கொஞ்சம் அசைந்தது. அழுகையா வேறு ஏதாவதா என்று அந்த முகத்தில் கண்டுபிடிக்க முடியாது. "அதுக்காக எல்லாம் சரியாயிடுச்சுன்னு நினைச்சுக்காதீங்க" என்றாள். கண்ணை மூடித் திறந்தார்.

மழை நின்ற மறுநாள் தச்சர் வந்து கதவின் கீல்களைக் கழற்றினார். அத்தனை கனமான கதவை எங்கே வைப்பது என்று தெரியாமல் பின்கட்டில் சாய்த்துவைத்தார்கள். மாமியாரின் நாற்காலிக்கு வெயில் மறைப்பாக ஆனது. வாசலில் இரண்டு கம்பளிகளைத் தொங்கவிட்டு அவள் உள்ளே போய் உட்கார்ந்தாள். வெளியே கட்டிலில் தலையணைகளைச் சாய்த்து அவரை உட்கார வைத்து, காதுக் கருவியை மாட்டிவிட்டு, இடது கை எட்டும் இடத்தில் மிஷினை வைத்திருந்தாள். ஃபிரிட்ஜ் நின்றது. மின்விசிறி நின்றது. வியர்வை முதுகில் இறங்கியது. தெருவில் தையல் மிஷின் ஓடுவது லேசாகக் கேட்டது. ஒன்றும் மாறவில்லை என்று ஒரு கணம் தோன்றியது. கம்பளியை விலக்கிப் பார்த்தாள். விலகியது. திரும்ப மூடிக்கொண்டு, மீதிப் பாடத்தை வாசித்தாள். அடுத்த பாடத்தையும் ஆரம்பித்தாள்.

அன்றைய ஃபைலில் நன்றாக வந்த பக்கங்களை மட்டும் வெட்டி எடுத்து, பாடங்களை அனுப்பிய பிறகு டீச்சர் போன் செய்தார். வாசிப்பு நன்றாக இருக்கிறது, பின்னால் ஏதோ கடகடவென்று ஒரு சத்தம் இருக்கிறது, பரவாயில்லை, பிள்ளைகளுக்கு அது தொந்தரவாக இருக்காது என்றார். பிறகு ஒரு சந்தேகம் என்றார்.

"எல்லா ஃபைலுக்கும் பேரு ஒரே மாதிரி இருக்கும்மா. பின்னாடி எண்ணு மட்டும் மாறுது. என் கம்ப்யூட்டர் அதைப் படிக்கறப்ப போகலா, போகலான்னு சொல்லுது. போகலாமான்னு கேக்கறீங்களா, போகலைன்னு சொல்றீங்களா?"

அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. கடைசியாக வைத்த பெயரையே மிஷின் அடுத்தடுத்த பதிவுக்கும் வைத்துக்கொண்டு போயிருக்கிறது. கட்டிலைப் பார்த்தாள். அவர் இடது கையால் டீத் தம்ளரைத் தானே பிடித்துக் குடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். பாதி மார்பில் கொட்டியது.

"மிஷின் தானா வச்சுக்கிட்டது, டீச்சர். அடுத்த பாடத்துக்கு மாத்திடறேன்" என்று சொல்லி வைத்துவிட்டு, துண்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

மாற்றவில்லை. அந்தப் புத்தகத்தின் மீதி முழுக்க அதே பெயரில்தான் போய்ச் சேர்ந்தது.